வள்ளி விஷயம்

காரைக்குடி
வியாழக்கிழமை

அன்புள்ள மீனா,

உன் மாமியார் மூட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். அண்ணன் மகள் வள்ளிக்கு உடம்பு சரியில்லை.

ஆவணிக் கல்யாணத்தில் பார்த்தாயே, அப்போதே பாதி ஆள். "மெலிஞ்சதும் அழகாயிட்டா" என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். ஆத்தா திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். ஒரு டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்து, வயசுக் கோளாறு என்று அனுப்பிவிட்டார். மாதவிலக்கு நின்று, மயங்கி விழுந்து, மதுரையில் மனநல மருத்துவரிடம் காட்டிய பிறகுதான், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கிற அனோரெக்சியா என்று தெரிந்தது. மனநோய்களில் அதிகம் உயிரைக் குடிப்பவற்றில் இதுவும் ஒன்றாம். அண்ணன் ஆடிப்போய்விட்டார்.

எல்லோருக்கும் கந்தரப்பம் சுட்டுப் போடுவாள், தான் ஒரு விள்ளல் தொடமாட்டாள். திமிர் என்றார்கள். 1944-45இல் அமெரிக்காவில், மின்னசோட்டாவில், ஆராய்ச்சிக்காகத் திடமான 36 இளைஞர்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்களே, அவர்களும் சமையல் புத்தகமும் கையுமாக அலைந்து, எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்களாம். பட்டினியே புத்தியைப் பிடித்துக்கொள்கிறது, மீனா. திமிராவது மண்ணாவது!

டயட்டீஷியனுக்கே பாடம் எடுக்கிறேன் என்று சிரிக்காதே. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையைத்தான் டாக்டர் சொன்னார். என்ன, எவ்வளவு என்று முதலில் பெற்றோர் முடிவெடுப்பது. எடை ஏற ஏறப் பொறுப்பை அவளிடமே திருப்பித் தருவது. யார் மேலும் பழி போடக் கூடாது. இத்தனை வருஷமாக இருக்கிற வைத்தியம் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையே என்று எரிச்சலாக வருகிறது. அவள் பள்ளிக்கூடத்தில் எடை பார்க்கிறார்கள்; கூடினால் கேலி, குறைந்தால் கேட்க நாதியில்லை. 1999இலேயே இந்த நோய் இருக்குமோ என்று ஐந்தே கேள்வியில் கண்டுபிடிக்க ஸ்காஃப் என்று ஒரு கேள்வித்தாள் வந்துவிட்டது. கேட்க ஒரு நர்ஸ் போதாதா?

நம் வீடுகளில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. வாய்க்கும் பஞ்சமில்லை, அதுதான் தொல்லை. பள்ளத்தூர்ப் பெரியாத்தா வந்தால் முகப்பிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுகிறோம். உனக்குப் பூசணி என்று பட்டம் வைத்த அதே பெரியாத்தாதான்.

சரி, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். மதுரையில் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலில் ஓட்ஸும் சீஸ் டோஸ்டும் இருக்கின்றன. வள்ளியைப் பெற்ற அண்ணமிண்டி அதை வைத்துக்கொண்டு முழிக்கிறது. பால் பணியாரம், கவுனி அரிசி, கும்மாயம் என்று நம் அடுப்படியில் இருப்பதை வைத்து எழுதித் தா. டாக்டரிடம் காட்டிவிட்டே கொடுக்கிறோம். கலோரிக் கணக்கு வள்ளி கண்ணில் படக் கூடாதாம், அதனால் அண்ணமிண்டி போனுக்கே அனுப்பு.

உன்
அழகம்மை