கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தவரும் வாசித்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒற்றைச் செல்லோவும் (வில்லால் வாசிக்கும், வயலினைவிடப் பெரிய தந்தி வாத்தியம்) எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்த தற்கால இசை நிகழ்ச்சி பற்றி உங்கள் நாளிதழில் வந்த விமர்சனத்தைப் படித்தேன். அன்று நானும் அந்த அரங்கில்தான் இருந்தேன். செல்லோ வாசித்தவரைப் பற்றி விமர்சகர் நன்றாகவே எழுதியிருக்கிறார், ஆனால் கேட்ட சத்தத்தில் பாதி கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிந்து வைத்தது என்கிற மாதிரி ஒரு வரி போட்டு முடித்துவிட்டார் பாருங்கள், அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பதிவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள் உண்டுதான். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 2003-ல் எழுதிய ‘செல்லோ கவுண்டர்பாயிண்ட்’ அப்படிப்பட்டது. மொத்தம் எட்டு செல்லோ. ஏழை முன்கூட்டியே பதிவு செய்துவைத்து எட்டாவதை மேடையில் வாசிக்கலாம். அதுவும் லேசான காரியம் இல்லை. பக்கத்தில் ஒரு மனிதர் வாசித்தால் நாம் கொஞ்சம் பின்தங்கும்போது காத்திருப்பார், பதிவு காத்திருக்குமா?

சரி, ஆனால் அன்று வாசித்த, ஃபின்லாந்து இசையமைப்பாளர் கையா சாரியாஹோவின் ‘பெட்டல்ஸ்’ (1988) வேறு ரகம். அதில் முன்பே பதிந்த ஒலி எதுவும் கிடையாது. செல்லோவிலிருந்து மைக் பிடிப்பதைத்தான் அந்த நொடியிலேயே எதிரொலி சேர்த்து, சுருதி மாற்றிக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். வில் நின்றால் கொஞ்ச நேரத்தில் எல்லாமே அடங்கிவிடும். எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் வெறும் செல்லோவிலும் இதை வாசிக்கலாம் என்று சாரியாஹோவே விட்டுவைத்திருக்கிறார், அப்படியிருக்க அதைச் சேர்த்து வாசிப்பது ஒரு முடிவு, அதற்குப் பின்னால் எத்தனையோ ஒத்திகை இருக்கிறது.

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டே செல்லோ வாசித்தவர் வில்லை மெல்ல மெல்ல, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி, அப்புறம் அழுத்தத்தைக் கூட்டினார், சுத்தமாக இருந்த நாதம் கண்ணாடி மாதிரி கூர்மையாகி, பிறகு மரத்தை இழைப்பது போல் கரகரத்தது. கரகரப்பு வந்த அதே நேரத்தில் அரங்கம் முழுக்க அது படர்ந்ததே, அதை யார் செய்தது? திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால், சின்ன விளக்கு வெளிச்சத்தில் இசைக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர், ஒரு கண் தாளில், ஒரு கண் மேடையில், ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்சரில் ஒரு விரலை நூலளவு மேலே தள்ளிக்கொண்டிருந்தார். வில் தந்தியை விட்டு எழும்பியதும் அந்த விரல் உடனே இறங்கவில்லை. எதிரொலி கரையக் கரைய அதன் கூடவே இறங்கியது. இதை வாசிப்பு என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இடைவேளைக்குப் பிறகு அரங்கின் நடுவில் போய் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தபோது செல்லோவின் மரம் அதிர்வது நேராகக் காதுக்கு வந்தது, ஸ்பீக்கரில் வந்தது தனியாக எங்கோ கேட்டது. நடுவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன, எது வில்லிலிருந்து வருகிறது எது ஸ்பீக்கரிலிருந்து என்று பிரிக்கவே முடியவில்லை, பிரிக்கத் தோன்றவும் இல்லை. உங்கள் விமர்சகர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. முன்வரிசையில் என்றால் அவர் அப்படி எழுதியது எனக்குப் புரிகிறது. இந்த மாதிரி நிகழ்ச்சிக்குப் போகும் வாசகர்களும் முன்வரிசைக்கு ஆசைப்படாமல் நடுவில் இடம் பிடித்தால் நல்லது.

நிகழ்ச்சி நிரலில் மிக்சரில் இருந்தவரின் பெயர் இருந்தது. உங்கள் விமர்சனத்தில் இல்லை. கச்சேரி விமர்சனத்தில் பக்கவாத்தியக்காரர் பெயரை விட்டுவிட்டு எழுதுவீர்களா? அடுத்த முறை இப்படி ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது அவர் பெயரையும் போட்டு, அவர் செய்ததைப் பற்றி இரண்டு வரியாவது சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி