ஐந்து மதிப்பெண்ணுக்கான கோப்பு

இதழாசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் 20 அகமதிப்பீட்டு மதிப்பெண்களில் 5 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் படைப்புத் தொகுப்புக்கு உரியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் பேத்தி கொண்டுவந்த கோப்பில் ஜிகினா ஒட்டிய அட்டையும், பார்த்தெழுதிய பிழையற்ற நான்கு கட்டுரைகளும் மட்டுமே இருந்தன. அவள் முதலில் எழுதிய, சிவப்பு மை படிந்த தாள்களைக் கேட்டால், "அதெல்லாம் அசிங்கமா இருக்கும்னு கிழிச்சுட்டோம் தாத்தா" என்றாள்.

கிழிக்கப்பட்ட அந்தத் தாள்கள்தாம் உண்மையான தொகுப்பு. ஆண்டுத் தொடக்கத்தில் இறந்தகால வினையில் தடுமாறிய பிள்ளை, அதே கடிதத்தை மூன்றாம் முறை எழுதும்போது எதை, ஏன் மாற்றினாள் என்பதைத் தன் சொற்களில், வேண்டுமானால் தமிழிலேயே, குறித்து வைத்தால்தான் வளர்ச்சி ஆசிரியருக்கும் அவளுக்கும் புலப்படும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் எல்லாவற்றையும் திருத்த இயலாதென்பதை, ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அறிவேன். மாதத்துக்கு ஒன்றை, மாணவரே தேர்ந்தெடுத்துத் தந்தால் போதும். முதல் வரைவு இல்லாத கோப்புகளுக்கு மதிப்பெண் வழங்க வேண்டாமென்று கல்வித் துறை பள்ளிகளுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.