முதலில் காலைத் தொட்டுப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கிலாந்தில் லாம்போர்ன் பந்தயக் குதிரை லாயத்து வேலைக்கு ஜூலை முதல் வாரமே வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். சரியான நேரம்தான். மே, ஜூன் முழுக்கப் புல்வெளியில் மேய்ந்த குதிரைகள் அந்த நாட்களில்தான் லாயத்துக்குத் திரும்பும். ஏப்ரல் கடைசியில் சாண்டவுன் மைதானப் பந்தயத்தோடு ஜம்ப்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்ட சீசன் முடிந்து சில நாளிலேயே அடுத்தது தொடங்கிவிடும், கோடையிலும் ஓட்டங்கள் உண்டு. ஆனால் நல்ல குதிரைகளைக் கோடையின் கெட்டித் தரையில் பெரும்பாலும் இறக்கமாட்டார்கள். அவற்றுக்கு சீசன் என்றால் அக்டோபரில் செப்ஸ்டோ, செல்ட்டன்ஹாம் மைதானங்களில் தொடங்கி, மார்ச் செல்ட்டன்ஹாம், ஏப்ரல் எய்ன்ட்ரீ வரைக்கும். நீ சேர்ந்த நாளிலிருந்து முதல் ஓட்டத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் என்ன நடக்கும், எதில் கவனம் வேண்டும் என்று எழுதுகிறேன். இரண்டு தடவை படி.

கிண்டியில் நீ பார்த்து வளர்ந்தது தட்டைத் தரை ஓட்டம். இங்கே 1,200 மீட்டரில் ஒரு பந்தயம் முடிந்துவிடும். அங்கே மிகக் குறைந்த தூரமே ஏறக்குறைய 2 மைல், அதாவது சுமார் 3,200 மீட்டர். ஹர்டில் என்ற லேசான தடுப்பு மூன்றரை அடி, சேஸ் பந்தயத்தின் கனத்த வேலி குறைந்தது நாலரை அடி. முதுகில் 63 கிலோவிலிருந்து 75 கிலோ வரை சுமை. ஒவ்வொரு தாண்டலிலும் இறங்கும்போது மொத்தப் பாரமும் முன்காலில் விழுகிறது. கிண்டியில் 2 வயதுக் குட்டியின் வேகத்தைப் பார்த்து மகிழ்வோம். அங்கே 10 வயதுக் குதிரை இன்னும் தாண்டிக்கொண்டிருக்கும். அது சாத்தியமாவது அதன் கால்கள் கெடாமல் இருப்பதால்தான். லாம்போர்னில் நிக்கி ஹெண்டர்சன் பயிற்சி கொடுத்த ‘சீ யூ தென்’ 1985, 86, 87 என்று மூன்று வருடம் தொடர்ந்து மார்ச் செல்ட்டன்ஹாமின் சாம்பியன் ஹர்டில் பந்தயத்தில் ஜெயித்தது. அதன் கால்கள் பலவீனம். அதனாலேயே மிகக் குறைவாகத்தான் அதை ஓடவிட்டார்கள். அப்படிப்பட்ட குதிரையை மார்ச் மாதம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது தினமும் காலைத் தடவிப் பார்க்கும் கைகள்தான்.

அதனால் உன் வேலையில் முதல் வேலை அதுவே. காலையில் பெட்டிக்குள், அதாவது குதிரையின் அறைக்குள் போனதும் சாணம் அள்ளத் தொடங்காதே. குதிரையின் தீவனத் தொட்டியைப் பார், பிறகு காலைத் தொடு. முன்காலில் முட்டிக்குக் கீழே, எலும்புக்குப் பின்புறம் தசைநாண்கள் ஓடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழே மெதுவாக இறங்கு. பிறகு அந்தக் காலைத் தூக்கி மடித்து, பாரம் இல்லாத நிலையில் மறுபடி தடவு. நல்ல தசைநாண் குளிர்ச்சியாக, விளிம்பு தெளிவாக, இறுக்கமாக இருக்கும். இடது கால், வலது கால் இரண்டையும் ஒப்பிடு. ஒன்றில் கொஞ்சம் சூடு, விரல் பதியும் அளவுக்கு ஒரு சின்ன உப்பல், அழுத்தினால் குதிரை காலை இழுப்பது, இவற்றில் எது இருந்தாலும் சேணம் போடாமல் லாயத்தின் தலைமை ஊழியரான ஹெட் லேடிடம் உடனே சொல். குதிரை நொண்டவில்லையே என்று விட்டுவிடாதே. தசைநாண் கெடத் தொடங்கும்போது பல குதிரைகள் நொண்டுவதே இல்லை. அன்று ஓட்டாமல் நிறுத்தி ஸ்கேன் எடுத்தால் சில வாரத்தில் சரியாகலாம். அன்று வேகமாக ஓட்டிவிட்டால் நார்கள் கிழிந்து ஒரு வருடம் போய்விடும்.

எல்லா வீக்கமும் ஆபத்து இல்லை. பின்கால் இரண்டும் ஒரே மாதிரி உப்பியிருந்தால், இரவு முழுக்கப் பெட்டியில் நின்றதால் இருக்கும், அரைமணி நடந்தால் வடிந்துவிடும். ஒரே ஒரு கால் மட்டும் உப்பிச் சூடாக இருந்தால் காரணம் தேடவேண்டும். குளம்பு சூடாகி, கணுவுக்கு மேல் நாடி தெறித்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். இரவு கட்டுப் போட்ட கால் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கட்டை அவிழ்த்து சற்று நேரம் விட்டுப் பிறகு தொடு. பழைய உப்பல் உள்ள குதிரை உனக்கு வந்தால், அது எங்கே, எவ்வளவு என்று முதல் நாளே குறித்துவை. இல்லாவிட்டால் புதியதையும் பழையதையும் பிரித்தறிய முடியாது.

ஜூலையில் குதிரை வயிறு தொங்கி, தோல் மென்மையாகித் திரும்பும். பல்லை அராவி, சாணத்தில் புழு முட்டை எண்ணிப் பார்த்து மருந்து கொடுத்து, காய்ச்சல் தடுப்பூசிக் கணக்கைச் சரிபார்ப்பார்கள். அந்த ஊசியில் ரொம்பக் கண்டிப்பு. 2019 பிப்ரவரியில் குதிரைக் காய்ச்சல் பரவி பிரிட்டன் முழுக்க ஆறு நாள் ஒரு பந்தயமும் நடக்கவில்லை. அதனால்தான் தினமும் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். 37.5-லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரை சரி. அந்த எல்லைக்குள் இருந்தாலும், தினமும் 37.6 காட்டுகிற குதிரை ஒருநாள் 38.4 காட்டினால் அதையும் சொல்.

சேணம் வைக்கும் இடத்துக்கும் வயிற்றுப்பட்டை அழுத்தும் இடத்துக்கும் முதல் பத்து நாள் தனிக் கவனம் வேண்டும். இரண்டு மாதம் எதுவும் படாத தோல், உரசினால் உடனே புண்ணாகும். சர்ஜிகல் ஸ்பிரிட்டையோ உப்புத் தண்ணீரையோ தினமும் தடவி இறுக்குவார்கள், ஆனால் புண்ணான இடத்தில் ஸ்பிரிட் படக்கூடாது. பட்டைக்கு அடியில் தோல் மடங்காமல், முன்காலை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து விடு. படர்தாமரை வந்த குதிரையின் துணி, தூரிகை, பட்டை எதையும் அடுத்ததுக்குக் கொண்டுபோகாதே. அது உன் கைக்கும் ஒட்டும்.

பிறகு ரோட்டு வேலை. லாடக்காரர் இரும்பு லாடம் அடித்த பிறகு, முதல் இரண்டு மூன்று வாரம் நடை மட்டும்தான், தினமும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அடுத்த இரண்டு மூன்று வாரம் மேட்டில் ட்ராட், அதாவது துள்ளு நடை. புதிதாக வருகிறவர்களுக்கு இது சலிப்பாகத் தெரியும். சலிக்காதே பாப்பா, சீசன் முழுக்க நிற்கப்போவது இந்த வாரங்களின் மேல்தான். மூச்சும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும், எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் தேறும். மூச்சு தேறிய குதிரை வேகமாக ஓடத் துடிக்கும், கால் இன்னும் தயாராக இருக்காது. பல காயங்கள் அந்த இடைவெளியில்தான் வருகின்றன. ட்ராட்டை மேட்டில் மட்டும் வைத்துக்கொள். சரிவில் இறங்கும்போது நடைதான், ஏனென்றால் தார் ரோட்டு அதிர்ச்சி முன்காலில் அதிகமாக விழும். கடிவாளத்தைத் தொங்கவிட்டு உட்காராதே. தலையைத் தாழ்த்தி, பின்கால் உள்ளே வந்து, முதுகை உபயோகித்து நடக்கவேண்டும். ஒளிரும் சட்டை கட்டாயம். குதிரையைக் கடக்கும் வண்டி மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல் 2 மீட்டர் இடம் விட வேண்டும் என்று 2022-லிருந்து அந்த நாட்டுச் சாலைக் கையேட்டில் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கையைத் தூக்கி நன்றி சொல். லாம்போர்ன் சின்ன ஊர், நாளைக்கும் அதே ஆள்தான் வருவார்.

ஒரு நாள் ஏறக்குறைய இப்படிப் போகும். ஹெட் லேட் ஐந்தரைக்குத் தீவனம் போடுவார். நீ ஆறு, ஆறரைக்குள் போய்ப் பெட்டியைச் சுத்தம் செய்து ஏழு, ஏழரைக்கு முதல் லாட், அதாவது பயிற்சிக்குப் போகும் முதல் குதிரைக் கூட்டம். ஒன்பது மணி சுமாருக்குச் சாப்பாடு. பிறகு இரண்டாவது லாட், மூன்றாவது லாட். பன்னிரண்டரை, ஒன்றுக்கு ஓய்வு. மூன்று மணிக்கு மறுபடி வந்து ஐந்து வரை தேய்த்துத் துடைத்து, காலைப் பார்த்து, தண்ணீர் வைக்கவேண்டும். நான்கு குதிரை கொடுத்தால் திணறும். ஈர வைக்கோலை மட்டும் எடுத்து ஓரத்தை உயர்த்திப் போடக் கற்றுக்கொள், நேரம் மிஞ்சும். குதிரை உள்ளே நிற்கும்போது வைக்கோலைக் கிளறாதே, தூசி நேரே நுரையீரலுக்குப் போகும். காய்ந்த புல்லுக்குப் பதில் ஹேலேஜ் என்ற ஈரப்பதத்தோடு பொதிந்த புல்லைக் கொடுப்பதும் பெரும்பாலும் அதற்காகவே.

தீவனத்தை நீயாக மாற்றாதே. 500 கிலோ குதிரை புல்லிலிருந்து வந்ததும் 2, 3 கிலோ தானியத் தீவனத்தில் தொடங்கி, அக்டோபரில் 6, 7 கிலோ வரை போகும். எந்த மாற்றமும் பத்து, பதினான்கு நாளில் படிப்படியாக. வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் கூடாது, உடம்பைப் பார்த்தால் தெரியாது, குதிரையின் இரைப்பை சின்னது. ஞாயிறு ஓய்வு என்றால் சனி இரவே தானியத்தைக் குறைப்பார்கள். முழுத் தீவனம் தின்று சும்மா நின்ற குதிரையைத் திங்கள் காலையில் வெளியே எடுத்தால் பின்தசை இறுகிப் பூட்டிக்கொள்ளும். நடை குறுகும், வேர்த்துக் கொட்டும், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும். அப்போது வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போக முயற்சி செய்யாதே. இறங்கு, இடுப்பின் மேல் துணி போடு, அங்கேயே நிறுத்திவைத்து வண்டியையும் மருத்துவரையும் கூப்பிடச் சொல். தொட்டியில் தீவனம் மிச்சம் இருந்தால் எவ்வளவு என்று சொல். நோயின் முதல் செய்தி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

ஆகஸ்ட் பாதிக்கு மேல் குன்றுக்குப் போவீர்கள். அங்கே இருக்கும் ஊரின் பொதுப் பயிற்சித் தடங்கள் 2006-லிருந்து, பந்தய மைதானங்களை நடத்தும் ஜாக்கி கிளப் கையில். முதலில் கேன்டர் என்ற மெதுவான ஓட்டம், ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை. செப்டம்பர் கடைசியில்தான் வாரத்துக்கு இரண்டு நாள் வேகமான வேலை வரும். பல லாயங்களில் செவ்வாயும் வெள்ளியும். முன்னால் போகிற குதிரைக்கு இரண்டு குதிரை நீளம் பின்னால் என்று சொன்னால் இரண்டு நீளம்தான். உன் குதிரை இழுத்தால் கையை மேலே தூக்காதே, கழுத்தில் பாலம் போல வாரைப் பிடித்து அதன் மேல் கையை ஊன்று. மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சைக் கவனி. ஓடும்போது உள்ளிழுக்கும் மூச்சில் கர்ரென்ற சத்தம் வந்தால் சொல்லவேண்டும், குரல்வளை நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம். மூச்சுக்கான அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் அதை அறிவிக்கவேண்டும் என்று 2018-லிருந்து விதி இருக்கிறது.

தாண்டல் பயிற்சியில் தரையில் கம்பம், பிறகு மரக்கட்டை, பிறகு சின்ன ஹர்டில், கடைசியில் வேலி. அனுபவக் குதிரை ஒன்று முன்னால் போகும். அங்கவடியைக் குட்டையாக்கு, கழுத்துப் பட்டையில் ஒரு விரல் போட்டுக்கொள், தாண்டும்போது வாயை இழுக்கவே இழுக்காதே. ஒருமுறை வாய் வலித்த குதிரை அடுத்த தடுப்பில் தலையைத் தூக்கி, தரையைப் பார்க்காமல் தாண்டும். நேராகத் தாண்டிய குதிரை திடீரென ஒரு பக்கம் சாய்ந்து தாண்டினால் அது பிடிவாதம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. முதுகோ காலோ வலிக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். வேலிகளின் ஆரஞ்சு நிறத்தை 2022-லிருந்து வெள்ளையாக மாற்றினார்கள், குதிரைக் கண்ணுக்கு ஆரஞ்சு பிரிந்து தெரிவதில்லை என்று ஆய்வில் கண்டதால். மனிதன் பார்வையை விட்டு அதன் பார்வையில் யோசித்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அக்டோபரில் மழைக்காகக் காத்திருப்பார்கள். எல்லாம் தயாரான குதிரையும், தரை கெட்டியாக இருந்தால் ஓடாமல் லாயத்திலேயே நிற்கும். அப்போது யாரும் பொறுமை இழக்கக்கூடாது. குளிர்கால ரோமம் வளரத் தொடங்கியதும் கத்தரிப்பார்கள், இல்லாவிட்டால் வேர்வை காயாது. அன்றிலிருந்து கம்பளம் போட மறக்காதே.

உனக்கும் இரண்டு வார்த்தை. நல்ல நீர்புகாத மேல்சட்டையும் இரண்டு ஜோடி கையுறையும் முதல் சம்பளத்திலேயே வாங்கு. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. விழுந்தால், ஒன்றுமில்லை என்று எழுந்து ஏறாதே, தலையில் பட்டிருந்தால் சொல்லிவிடு, அன்று ஓட்டாதே. மனசு கனத்தால் ரேசிங் வெல்ஃபேர் என்ற தொண்டு அமைப்பு லாய ஊழியர்களுக்காகவே இருக்கிறது, இரவிலும் பேசலாம். வெட்கப்பட வேண்டாம்.

ஞாயிறு மாலை லாயம் முடிந்து 5 மணிக்குக் கூப்பிடு. இங்கே ஒன்பதரை ஆகியிருக்கும், அம்மாவும் நானும் விழித்திருப்போம். உனக்குக் கொடுத்த குதிரைகளின் பெயர், வயது, எதற்கு எவ்வளவு தீவனம் என்று எழுதிவைத்துக்கொண்டு பேசு.

அன்புடன்,
அப்பா