செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: பெரம்பலூர் மாவட்ட வரலாறும் மக்கள் கணக்கும்

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கார்த்திகைக் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. இரண்டு இடங்களைப் பார்த்துவந்தோம். ஒன்று ரஞ்சன்குடி கோட்டை. ஆற்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிப்பும் மோதிய காலத்தில், 1751-ல், வாலிகண்டபுரம் பக்கம் போர் நடந்தது. ஆங்கிலேயர் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரர் மறுபக்கம். நெடுஞ்சாலையில் பேருந்து ஜன்னல் வழியாகவே அந்தக் கோட்டையைப் பார்த்துப் பழகிய நம்மில் பலர், இந்த முறைதான் உள்ளே நடந்தார்கள்.

இன்னொன்று சாத்தனூர். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் அடித்துவரப்பட்டுப் புதைந்து கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940-ல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். கூட வந்த பள்ளிப் பிள்ளைகள் மரத்தின் வரியைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது.

இனி, ஆண்டு முழுவதும் நாம் உட்கார்ந்து பேசிய விஷயத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் எத்தனை பேர்?

ஆடி மாதக் கூட்டத்தில் இதற்காக ஒரு வாக்குவாதமே நடந்தது. ஒரு பழைய கையேட்டில் ஏறக்குறைய 12 லட்சம் என்று இருந்தது. இன்னொன்றில் 5 லட்சத்துக்கும் குறைவு. இரண்டும் 2001 கணக்குதான். காரணம், எல்லை மாறிய கதை. திருச்சி மாவட்டத்தில் ஒரு தாலுகாவாக இருந்த பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர் பிரிந்தது, 2002-ல் திரும்பச் சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. இப்போதைய எல்லைக்குள் 2001-ல் இருந்தவர்கள் 4,93,646 பேர். அரியலூரின் 6,95,524 பேரையும் சேர்த்தால்தான் 12 லட்சத்தை நெருங்கும். நம் பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது எந்த ஆண்டு, எந்த எல்லை என்று கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

2011 கணக்கில் 5,65,223 பேர். அப்போது தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் நம்முடையதுதான். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிராமத்து மக்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயத்தை நம்பி வாழ்கிறோம். மாவட்டத் தலைநகருக்கு இன்றுவரை ரயில் இல்லை.

அதே கணக்கில் 1,000 ஆண்களுக்கு 1,003 பெண்கள். இதைப் பெருமையாக மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 பையன்களுக்கு 913 பெண் பிள்ளைகள்தான். பெரியவர்களில் பெண்கள் கூடுதலாகத் தெரிவதற்கு, ஆண்கள் வெளியே போயிருப்பதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். லப்பைக்குடிக்காடு, பூலாம்பாடி, அரும்பாவூர் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வளைகுடா விலாசமோ சிங்கப்பூர், மலேசியா விலாசமோ இருக்கும். கணக்கெடுக்கும் நாட்கள் முழுதும் வெளியூரில் இருப்பவர் அந்த ஊர்க் கணக்கில்தான் சேருவார். வெளிநாட்டில் இருப்பவர் எங்கும் சேரமாட்டார். அந்த 913-க்கு இந்தச் சமாதானமும் கிடையாது. பிறக்காமல் போன பெண் பிள்ளைகள் எந்த ஊருக்கும் வேலைக்குப் போகவில்லை. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது.

தை மாதம் உறுப்பினர்கள் சிலர் ஒரே தெருவில் வீடு வீடாகப் போய் விசாரித்தோம். திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். "ஆறு பேரு தம்பி" என்றார். மகன் துபாய், இன்னொரு மகன் குடும்பத்தோடு திருப்பூர். "அப்போ இங்கே?" என்றேன். "சோறு பொங்கறது எனக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்தார். நிலைப்படியில் பழைய கணக்கெடுப்பு எண் பாதி அழிந்து தெரிந்தது. நோட்டில் ஒன்று என்று எழுதுவதா, ஆறு என்று எழுதுவதா என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். கடைசியில் இரண்டையும் எழுதினேன். அதன்பிறகு எல்லா வீட்டுக்கும் இரண்டு பத்திகள் போட்டோம்: இருப்பவர், போனவர். போனவர் பத்தியில் ஊரும் ஆண்டும் சேர்த்திருக்கிறோம்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்டு நடக்கும் என்று 2025 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதில் சாதி விவரமும் கேட்பார்கள். அதற்குள் நம் ஊரின் மீதித் தெருக்களையும் முடித்துவிட வேண்டும். கணக்கெடுக்க ஆள் வரும்போது தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் கூட இருக்க வேண்டும். சரி என்று இதுவரை பெயர் கொடுத்தவர்களுக்கு நன்றி.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் கட்டிவிடுங்கள். அப்புறம், தெருக் கணக்கு நோட்டு நூலக மேசையில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்தைப் பார்த்து, தவறு இருந்தால் பென்சிலில் திருத்துங்கள்.

நன்றி.
செயலாளர்