வாஷர் மோட்டாரை மாற்றும் முன் நாசிலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அடைமழையில் கார் கண்ணாடியை மழையே கழுவிவிடும். ஆபத்து தூறலில்தான். முன்னால் போகும் லாரியின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் கண்ணாடியில் விழுந்த நிலையில் வைப்பரைப் போட்டால், அது சேற்றை இழுத்துப் பூசிவிடும். எதிரே ஒன்றும் தெரியாது. அந்த நேரத்துக்கென்றே, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் இருக்கிறது. ஆனால் அது பீய்ச்சுவது நின்றுபோன பிறகும் அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பட்டறைக்குப் போனால், பார்க்காமலே மோட்டாரை மாற்றச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால், வீட்டிலேயே சோதிக்கும் முறையைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் சோதனைக்குக் காது போதும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வைத்து, ஒருவர் வைப்பர் லீவரைத் தன் பக்கம் இழுக்கட்டும். இன்னொருவர் பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கை கொடுக்காமல் தள்ளி நின்று கேட்கட்டும். வாஷர் டேங்க் பக்கமிருந்து 'உய்ங்' என்று மெல்லிய சத்தம் வந்தால் மோட்டார் சுற்றுகிறது; கோளாறு தண்ணீர்ப் பாதையில். சத்தமே இல்லையென்றால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும்.

சத்தம் வருகிறதா? முதலில் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் டேங்க் பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கும் படம் போட்ட மூடி மட்டுமே மேலே தெரியும். பக்கத்திலுள்ள கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மூடியைத் திறந்து வாஷர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஊற்றிய தண்ணீர் முன்சக்கரத்தின் பக்கம் தரையில் சொட்டினால் ஹோஸ் (தண்ணீர்க் குழாய்) கழன்றிருக்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. தெருவோரம் நிறுத்தும் கார்களில் எலிக்கடி சாதாரணம். கடித்த துண்டை வெட்டியெறிந்து, அதே அளவு இணைப்புக் குழாய் போட்டால் சரியாகிவிடும். முழு ஹோஸும் மாற்ற வேண்டியதில்லை.

கசிவு இல்லையென்றால் பானட்டின் அடியில் நாசிலில் (தண்ணீர் பீய்ச்சும் சிறு முனை) செருகியிருக்கும் ஹோஸை உருவிவிட்டு லீவரை இழுங்கள். ஹோஸிலிருந்து தண்ணீர் வேகமாக வந்தால் அடைப்பு நாசிலில்தான். வராவிட்டால் டி-ஜாயின்ட் (ஹோஸ் இரண்டாகப் பிரியும் இணைப்பு), ஒருவழி வால்வு, மோட்டாரின் வாய் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கழற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் வருகிறதோ, அதற்கு நாசில் பக்கமாக அடுத்துள்ள பாகத்தில் அடைப்பு. ஒருவழி வால்வில் அம்புக்குறி இருக்கும். அது நாசிலை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஒரு சொட்டும் வராது. லீவரை இழுத்து இரண்டு மூன்று விநாடி கழித்தே தண்ணீர் வருகிறது என்றால், அந்த வால்வு தேய்ந்து, ஹோஸில் நின்ற தண்ணீர் டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று பொருள்.

நாசில் ஏன் அடைக்கிறது என்பதுதான் முக்கியம். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். நாசிலின் வாயில் நிற்கும் துளித் தண்ணீர் இன்ஜின் சூட்டிலும் வெயிலிலும் காய்ந்து, ஹீட்டர் ராடில் படியும் அதே வெள்ளை உப்பாக இறுகிவிடுகிறது. துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் சிறு துணுக்கே போதும். ஊசியால் குத்தினால் உப்பு உள்ளே தள்ளப்பட்டு, சில நாளில் மறுபடி அடைக்கும். தடித்த ஊசி துளையையே பெரிதாக்கிப் பீய்ச்சலைக் கெடுக்கும். நாசிலைக் கழற்றி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து இரவு முழுக்க ஊறவையுங்கள். பிறகு கண்ணாடியைப் பார்க்கும் துளை வழியாகப் பின்பக்கமாக ஊதினால் கசடு வெளியேறும். ஏர் கம்ப்ரசரால் ஊதுவதானால் ஹோஸைக் கழற்றிவிட்டு ஊதுங்கள். இல்லையேல் வால்வும் இணைப்புகளும் பிய்ந்துவிடும்.

உப்புக்கு அடுத்த எதிரி பாசி. மாதக்கணக்கில் நிற்கும் தண்ணீரில் வழவழப்பான படலம் உருவாகி, மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் வாயிலுள்ள சிறு வலையை மூடிவிடும். மோட்டார் டேங்கின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் வெறுமனே செருகப்பட்டிருக்கும். தண்ணீரை வடித்துவிட்டு அதை உருவி, வலையையும் டேங்கையும் கழுவுங்கள். திரும்பச் செருகும்போது ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிவிடும்.

இனி, சத்தமே வராத கார்கள். ஃபியூஸ் பெட்டி மூடியிலுள்ள படத்தைப் பார்த்து வாஷர் ஃபியூஸைக் கண்டுபிடியுங்கள். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் எண்ணுள்ளதைப் போடுங்கள். கம்பி சுற்றிப் போடுவது தீ விபத்துக்கு வழி. புதியதும் உடனே எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கும், அல்லது ஒயர் ஷார்ட் ஆகியிருக்கும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளுக்கும் இடையே 12 வோல்ட் டெஸ்ட் லாம்பை வைத்து, ஒருவரை லீவரை இழுக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் கரன்ட் வருகிறது. கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து மாட்டிப் பாருங்கள், அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. விளக்கு எரியாவிட்டால் கோளாறு எர்த்திலோ ஒயரிலோ லீவர் சுவிட்சிலோ. மோட்டாரை மாற்றிப் பயனில்லை.

பின்கண்ணாடிக்கும் வாஷர் உள்ள ஹேட்ச்பேக் கார்கள் பலவற்றில், ஒரே மோட்டார் ஒரு திசையில் சுற்றினால் முன்னாலும், எதிர்த்திசையில் சுற்றினால் பின்னாலும் தண்ணீர் அனுப்பும். பின்னால் வந்து முன்னால் வராவிட்டால் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள்.

மோட்டார் கெடுவதற்கு முக்கியக் காரணம் காலி டேங்கோடு அழுத்திக்கொண்டே இருப்பது. உள்ளே ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தண்ணீர் வராவிட்டால் ஓரிரு விநாடியில் விட்டுவிடுங்கள். வைப்பரையும் வெறும் கண்ணாடியில் ஓட்டாதீர்கள். மணல் அரைத்துக் கண்ணாடியில் வில் வடிவில் கீறல் விழும், அதற்கு மருந்தில்லை.

டேங்கில் ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றி, அதற்கான வாஷர் திரவத்தைப் பாட்டிலில் எழுதிய அளவில் கலந்தாலே போதும். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். நுரைத்து, காய்ந்து, மெல்லிய படலமாகி இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தைக் கண்ணாடி முழுக்கப் பரப்பும்.

சர்வீஸ் பில்லில் 'வாஷர் திரவம் நிரப்பப்பட்டது' என்று கட்டணம் போடுகிறவர்கள், இரு நாசிலும் பீய்ச்சுகின்றனவா என்று சோதித்தும் குறிக்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் முதல் நாளிலேயே இந்த லீவரைச் சொல்லித்தர வேண்டும். வாசகர்கள் வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, பட்டறை வாசலிலேயே ஒரு முறை லீவரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
ஈரோடு.