செயலாளர் அறிக்கை: இந்த வருஷம் நாம் அதிகம் பேசியது நீதிமன்ற அவமதிப்புச் சட்டம்தான்

உறுப்பினர்களுக்கு வணக்கம். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, ரத்ததான முகாம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

தில்லி மயூர் விஹாரில் நம்மைச் சண்டை போட வைத்தது காலாண்டிதழுக்கு வந்த ஒரு கட்டுரை. ஒரு தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்திருந்தது. செயற்குழுவில் பாதிப் பேர் "கோர்ட் விவகாரம், நமக்கு எதுக்கு வம்பு" என்று பின்வாங்க, சரி, தெரிந்தவரையே கேட்போம் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் நம் உறுப்பினரை ஒரு ஞாயிறு மாலை பேச வைத்தோம். பஜ்ஜி ஆறிப்போகிற அளவுக்குக் கேள்விகள்.

அவர் விளக்கியது இது: 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாத வெறுங்காவல், அல்லது 2000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பே ஆகாது என்கிறது 5ஆம் பிரிவு. 2006 திருத்தத்துக்கு அப்புறம், பொதுநலனுக்காக நல்லெண்ணத்தோடு சொன்ன உண்மையையும் எதிர்வாதமாக வைக்கலாம். இவ்வளவு இருந்தும் பத்திரிகைகள் ஏன் பயப்படுகின்றன? வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 2020இல் ஒரு ரூபாய் அபராதம். யூடியூபர் சவுக்கு சங்கருக்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்தது ஆறு மாதச் சிறை, உச்ச நீதிமன்றம்தான் நிறுத்தி வைத்தது. எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கதை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரைப் பற்றி எழுதியதற்காக மிட் டே பத்திரிகையின் நான்கு பேருக்கு, அதில் ஒருவர் கார்ட்டூனிஸ்ட், தில்லி உயர் நீதிமன்றம் 2007இல் நான்கு மாதச் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றத்தை அவமதித்ததற்கு உயர் நீதிமன்றம் தண்டிக்க அதிகாரமே இல்லை என்று அது ரத்தானது 2017இல். 2000 ரூபாயை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பத்து வருஷம் வாய்தாவுக்கு அலைவது என்றால் எந்த ஆசிரியரும் பேனாவை மூடிவிடுவார். பெரிய பத்திரிகைக்காவது வக்கீல் உண்டு, நமக்குத் தபால் செலவுக்கே சந்தா போதவில்லை.

கடைசியில் கட்டுரையைப் போட்டோம். வாதம் அப்படியே இருந்தது. 'யாரோ சொல்லிக் கொடுத்துதான் இப்படித் தீர்ப்பு வந்தது' என்ற வரியை மட்டும், ஆதாரம் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லாததால், புரூஃபில் சிவப்பு மையால் அடித்தோம். எழுதியவருக்கு இன்னும் கோபம்தான், அடுத்த இதழுக்கு ஒன்றும் தர மாட்டாராம்.

இதழுக்கு ஆசிரியர் பொறுப்பேற்க ஆள் தேவை. சந்தா பாக்கி உள்ளவர்கள் கிளம்புமுன் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்