லேட்டுக்கு எப்பவும் சப் காண்ட்ராக்டர் தலைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபிளாட் லேட்டாகுது, பணம் கட்டினவங்க தவிக்கிறாங்கன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி வருது. அவங்க கோபம் நியாயம்தான், அவங்களுக்காவது 2016ல வந்த ரெரா சட்டம் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) இருக்கு, சொன்ன தேதிக்கு வீடு கொடுக்கலைன்னா பில்டர் வட்டி கட்டணும். அந்த பில்டர் மெயின் காண்ட்ராக்டரைப் பிடிப்பாரு, அவரு எங்களை மாதிரி சப் காண்ட்ராக்டருங்களைப் பிடிப்பாரு, நாங்க யாரைப் பிடிக்கிறது? சனிக்கிழமை ஆனா மேஸ்திரியும் சித்தாளும் கூலிக்கு வந்து நிப்பாங்க, அவங்ககிட்ட கம்பெனி பில் பாஸ் பண்ணலன்னு கதை சொல்ல முடியுமா.

நான் சென்னை ஓஎம்ஆர் பக்கம் பூச்சு வேலை எடுத்து செய்யறவன். எலக்ட்ரீஷியன் காடி வெட்டி பைப் புதைச்சு பாக்ஸ் வைக்கணும், பிளம்பர் பைப் லீக் ஆகுதான்னு பாக்கற பிரஷர் டெஸ்ட் முடிக்கணும், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேர்ற இடத்துல வலை அடிக்கணும், அப்புறம்தான் நாங்க சுவத்துல கை வைக்க முடியும். ஆனா டெஸ்ட் முடியறதுக்கு முன்னாடியே "நீங்க அடிச்சுட்டே போங்க, பாத்துக்கலாம்"னு சைட் இன்ஜினியர் சொல்வாரு, அடிச்சப்புறம் லீக்குன்னு உடைப்பாங்க, திரும்ப அடிக்கிற கூலி யாருதுன்னு கேட்டா பதில் வராது. சிமெண்ட், பி-சாண்ட் (பூச்சுக்கான கிரஷர் மணல்) எல்லாம் கம்பெனி சப்ளை. 2025 ஏப்ரல்ல குவாரி, கிரஷர்காரங்க ஸ்டிரைக் பண்ணப்போ லோடு வராம ஆளுங்க ஷெட்டுல சும்மா உக்காந்திருந்தாங்க, சாப்பாட்டுச் செலவு எங்களுது.

இவ்வளவுக்கும் ஒர்க் ஆர்டரை எடுத்துப் பாருங்க, நாங்க முடிக்க வேண்டிய தேதி கொட்டை எழுத்துல இருக்கும், லேட்டானா வாரத்துக்கு 0.5 சதவீதம், மொத்தம் 10 சதவீதம் வரைக்கும் பிடிப்போம்னு இருக்கும், ஆனா எங்களுக்கு ஃப்ரன்ட், அதாவது நாங்க வேலை ஆரம்பிக்க வேண்டிய இடத்தை எந்தத் தேதியில கிளியர் பண்ணித் தருவாங்கன்னு ஒரு வரி இருக்காது.

இதுக்கு சட்டத்துல வழியே இல்லன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம் 54வது பிரிவுல இருக்கிற உதாரணமே கட்டட வேலைதாங்க! சாரமும் மரமும் தர்றேன்னு ஒத்துக்கிட்டவர் தரலைன்னா, வேலைக்காரர் வேலை செய்ய வேண்டியதில்ல, நஷ்டத்தையும் அந்தத் தராதவரே ஈடு கட்டணும்னு அதுல இருக்கு. 74வது பிரிவுப்படி ஒப்பந்தத்துல எழுதின அபராதத் தொகை உச்ச வரம்புதான், அதுக்குள்ள நியாயமானதைத்தான் கேக்க முடியும். ஆனா கேக்கறதுக்கு கையில பேப்பர் வேணுமே. மத்திய பொதுப்பணித்துறை வேலைகள்ல ஹின்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர்னு ஒண்ணு வைப்பாங்க, என்ன காரணத்தால வேலை நின்னுது, எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும், டைம் எக்ஸ்டென்ஷன் கேக்கும்போது அதைத்தான் பாப்பாங்க. பிரைவேட் சைட்ல எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப்தான் ரிஜிஸ்டர், தகராறு வந்தா முதல்ல குரூப்ல இருந்து தூக்கிடுவாங்க. அதனால சக சப் காண்ட்ராக்டர்களுக்குச் சொல்றேன், போட்டோ எடுத்து, "மூணாவது மாடி, இந்த வீடு, பிளம்பிங் டெஸ்ட் முடியல, எங்க ஆளு இத்தனை பேர் காத்திருக்காங்க"ன்னு அன்னிக்கே மெயில் போட்டுடுங்க. பில் முடிக்கிற நேரத்துல எழுதற லெட்டரை எவனும் மதிக்க மாட்டான்.

எல்லா லேட்டும் கம்பெனியாலன்னு சொல்ல வரல. 2025ல சத் பூஜைக்குப் போன பீகார் பசங்க நவம்பர் 6, 11 எலெக்ஷன் முடிச்சுட்டுத்தான் வந்தாங்க, ஆள் பிடிக்கிறது எங்க பாடு, அதைக் கம்பெனி தலையில கட்ட முடியாது. ஐப்பசி கார்த்திகையில மழை வரும்னு தெரிஞ்சும் வெளிப்பூச்சுக்கு அந்த மாசத்துலயே தேதி ஒத்துக்கிறவங்களும் எங்க ஆளுங்கதான், வேலை கை நழுவிடும்னு பயம்.

ஆனா ஒண்ணு. 2020ல கொரோனாவுக்காக ரெராவுல பில்டர்களுக்கு 6 மாசம் டைம் நீட்டிச்சாங்க, எங்க ஒர்க் ஆர்டர் தேதி அதுவா நகரல. இனிமே பில்டருக்கு எக்ஸ்டென்ஷன் கொடுத்தா அதே நாள் கணக்கு கீழ இருக்கிற சப் காண்ட்ராக்டர் வரைக்கும் இறங்கணும்னு தமிழ்நாடு ரெரா ஒரு நிபந்தனை போடலாம், கூடவே ஒவ்வொரு சைட்லயும் அந்த ரிஜிஸ்டரைக் கட்டாயமாக்கலாம், நோட்டு ஒண்ணு வாங்கற செலவுதான்.

இப்படிக்கு,
பூச்சு வேலை சப் காண்ட்ராக்டர்,
கேளம்பாக்கம்.